மூக்கால் இரத்தம் வந்தால்: முதல் 10 நிமிடமும் அதற்குப் பிறகும்

தை பிறந்தால் எங்கள் பாடசாலை மைதானத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிடும். புழுதி, பனிக்காலத்துத் தடிமன், பிள்ளைகளின் ஓட்டம் எல்லாம் ஒன்றாகச் சேரும் காலம் அது. நான் முதலுதவிப் பொறுப்பாசிரியர். அந்தக் கிழமைகளில் என் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் முழங்கால் உரசலோடு வருவார்கள். அடுத்தபடி அதிகம் பார்ப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு, வெள்ளைச் சட்டையின் முன்பக்கமெல்லாம் சிவந்துபோய் வரும் பிள்ளைகளைத்தான். பின்னால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அந்தப் பத்துப் பேரும் சொல்வது ஒன்றுதான்: "சேர், தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்லுங்கோ!"

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். தரம் 7 பிள்ளை ஒன்றை வாங்கில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, இரத்தம் வெளியே வராததைப் பார்த்து நின்றுவிட்டது என்று ஆறுதலாக இருந்தேன். கால் மணி நேரத்தில் அந்தப் பிள்ளை எழும்பிக் கறுப்பாக வாந்தி எடுத்தது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டதென்று நினைத்தேன். உண்மையில் இரத்தம் நிற்கவே இல்லை. முன்பக்கம் வராமல் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போயிருக்கிறது. வயிற்றுக்குள் சேரும் இரத்தம் குமட்டும். நான் படுக்க வைத்திராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்த வாந்தி வந்திருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பயிற்சி தொடங்குமுன் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இரத்தம் எங்கேயிருந்து வருகிறது

மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதன் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்திலேயே, பல நாடிகளின் நுண்ணிய கிளைகள் வந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மருத்துவர்கள் அதை லிட்டில் பகுதி என்பார்கள். பத்துப் பேருக்கு மூக்கால் இரத்தம் வந்தால் ஒன்பது பேருக்கு அது இங்கேயிருந்துதான் வருகிறது. மேலே மூடியிருக்கும் சவ்வு மிக மெல்லியது. காய்ந்தால் வெடிக்கும், நகம் பட்டால் கிழியும், தடிமனில் திரும்பத் திரும்ப மூக்குச் சீறினாலும் புண்ணாகும்.

மீதி ஒருவருக்கு மூக்கின் பின்பக்கத்தில், தொண்டைக்கு மேலே இருக்கும் பெரிய நாளத்திலிருந்து வரும். அது பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வருவது. இரத்தம் முன்னால் சொட்டுவதைவிடத் தொண்டைக்குள் இறங்குவதுதான் அதிகமாக இருக்கும், சில வேளை இரண்டு துவாரத்தாலும் வரும். வெளியிலிருந்து விரலால் எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடத்துக்கு எட்டாது.

"உடம்பிலை சூடு கூடிப்போச்சு, இளநீர் குடுங்கோ" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இளநீர் குடிப்பதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதனால் இரத்தம் நிற்காது. அவர்கள் கண்டு சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்தில் மழை இல்லை, காற்றோடு புழுதி பறக்கும், மூக்குக்குள் ஈரம் காய்ந்து பொருக்குக் கட்டும். பிள்ளை அந்தப் பொருக்கைக் கிண்டும். இரத்தம் வரும். காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

படி 1: இருத்துங்கள், முன்னால் குனிய விடுங்கள்

படுக்க வைக்க வேண்டாம். கதிரையிலோ வாங்கிலோ நிமிர்ந்து இருத்தி, தலையைச் சற்று முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். புத்தகம் மடியில் இருந்தால் எப்படிக் குனிந்து பார்ப்போமோ, அந்த அளவு போதும். தலையை முழங்காலுக்குள் விட வேண்டியதில்லை. இருந்தால் தலை இதயத்துக்கு மேலே இருக்கும், நாளங்களில் அழுத்தம் குறையும். குனிந்தால் இரத்தம் தொண்டைக்குப் போகாமல் வெளியே வரும், எவ்வளவு வருகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

மடியில் ஒரு பழைய துவாயையோ கோப்பையையோ வையுங்கள். வாய்க்குள் வரும் இரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானை நீக்கிவிடுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் அழுகிற பிள்ளைக்கு இரத்தம் நிற்கச் சுணங்கும்.

படி 2: எந்த இடத்தைப் பிடிப்பது

இந்தப் படியில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். கண்ணாடி போடுபவர்களுக்குக் கண்ணாடி தங்கும் இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது எலும்பு. எலும்பை எவ்வளவு நசித்தாலும் உள்ளே இருக்கும் நாளத்தில் ஓர் அழுத்தமும் படாது.

இப்போதே உங்கள் மூக்கில் செய்து பாருங்கள். சுட்டுவிரலை இரண்டு கண்ணுக்கும் நடுவில் வைத்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். முதலில் கடினமாக இருக்கும். பாதித் தூரத்தில் ஓரிடத்தில் விரல் மெத்தென்று உள்ளே அமுங்கும். அந்த இடத்துக்குக் கீழே, நுனி வரைக்கும், மூக்கு முழுக்க மென்மையானது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் அந்த மென்மையான பகுதியின் இரண்டு பக்கமும் வைத்து, துவாரங்கள் இரண்டும் முழுதாக மூடும்படி பிடியுங்கள். கிணற்றுக்குள் குதிக்குமுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்களே, அந்தப் பிடிதான். ஒரு பக்கத்தால் மட்டும் இரத்தம் வந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். சுவர் நடுவில் இருக்கிறது, இரண்டு பக்க அழுத்தமும் அதற்கு வேண்டும்.

பிள்ளை பெரியதென்றால் தானே பிடிக்கட்டும். சின்னப் பிள்ளை என்றால் மடியில் இருத்தி நீங்கள் பிடியுங்கள். மூச்சு வாயால். "தம்பி, வாயாலை மூச்சு விடுங்கோ, பயப்பிடாதேங்கோ, நான் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அந்தக் குரலுக்கே பாதிப் பயம் போய்விடும்.

படி 3: மணிக்கூட்டைப் பாருங்கள்

பிடித்த நேரத்தைப் பாருங்கள். அதிலிருந்து 10 நிமிடம். மனக்கணக்கு வேண்டாம், மணிக்கூட்டிலோ போனிலோ பார்த்து 10 நிமிடம். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு விடயத்தைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: இடையில் விரலை எடுத்துப் பார்க்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக அடங்கும். நாளம் கிழிந்த இடத்தில் முதலில் குருதிச்சிறுதட்டுகள் எனப்படும், இரத்தத்திலுள்ள மிகச் சிறிய துணிக்கைகள் வந்து ஒட்டுகின்றன. பிறகு மெல்லிய நார்கள் வலைபோலப் பின்னி அந்த அடைப்பை இறுக்குகின்றன. இதற்குச் சில நிமிடங்கள் வேண்டும், அதுவரை அந்த இடம் அசையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் "நிண்டிட்டுதோ?" என்று விரலை எடுத்தால் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியது பிய்ந்துபோகும். கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து. வீட்டில் அரை மணி நேரமாக நிற்கவில்லை என்று பதறிக்கொண்டு வருபவர்களிடம் விசாரித்தால், நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஒரு முறைகூட 10 நிமிடம் தொடர்ந்து பிடித்திருக்க மாட்டார்கள்.

10 நிமிடம் மிக நீளமானது. பிடித்துக்கொண்டு இருந்தால்தான் அது தெரியும். எங்கள் மைதானத்தில் நான் பிள்ளையின் நண்பன் ஒருவனை மட்டும் பக்கத்தில் இருத்தி, மணிக்கூட்டைப் பார்த்து நிமிடத்தை எண்ணச் சொல்வேன். "இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு" என்று அவன் சொல்லச் சொல்ல இவனும் பொறுமையாக இருப்பான்.

நெற்றியிலும் கன்னத்திலும் ஐஸ் வைக்கலாம், ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சலாம். சிலருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது பிடிக்குத் துணை மட்டுமே, ஐஸ் தேடி ஓடுவதற்காகப் பிடியை விட்டுவிடாதீர்கள்.

படி 4: 10 நிமிடம் முடிந்ததும்

மெதுவாக விரலை எடுங்கள். நின்றிருந்தால் சரி. உடனே மூக்கைக் கழுவவோ சீறவோ உள்ளே துணி விட்டுத் துடைக்கவோ வேண்டாம். உள்ளே இருக்கும் அந்தக் கட்டிதான் இப்போதைக்குக் கதவு.

நிற்கவில்லையா? மறுபடி 10 நிமிடம், இந்த முறை கொஞ்சம் இறுக்கமாக. அதே நேரம் வீட்டிலுள்ள வேறு ஒருவர் ஓட்டோவுக்குச் சொல்லட்டும். இரண்டாவது முறையும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு, வழிநெடுகப் பிடித்த பிடியை விடாமல்.

இரத்தம் நின்றுபோனால் அடுத்த 24 மணி நேரம் கவனமாக இருக்க வேண்டும். சுடச்சுடத் தேநீர் வேண்டாம், ஆற்றிக் குடிக்கலாம். பாரம் தூக்குவது, குனிந்து வேலை செய்வது, ஓட்டம் எல்லாம் அன்றைக்கு வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். இரவில் தலையணையை ஒன்று கூட்டி வையுங்கள். மூக்கு நோண்டுவதையும் சீறுவதையும் ஒரு கிழமைக்காவது தவிர்த்தால் புண் ஆறும்.

வீட்டில் செய்யும் சில காரியங்கள்

தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவது, சின்ன வெங்காயத்தை நசித்து மணக்கக் கொடுப்பது இரண்டும் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. தண்ணீரால் பெரிய தீங்கில்லை, ஆனால் பொன்னான அந்தப் பத்து நிமிடம் அதில் போய்விடும். வெங்காயம் தும்மலை வரவைக்கும், தும்மினால் இரத்தம் கூடும்.

மூக்குக்குள் பஞ்சையோ டிசுவையோ திணிக்காதீர்கள். அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும், இழுக்கும்போது புண்ணும் சேர்ந்து வரும். எண்ணெய் விடுவதும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒருவகைச் சளிக்காய்ச்சலே (நியூமோனியா) வரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

20 நிமிடம் ஒழுங்காகப் பிடித்தும் நிற்காதது ஒன்று. அந்த 20 நிமிடத்துக்கும் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் இருக்கின்றன. இரத்தம் சொட்டாமல் ஓடுகிறது, ஒரு கோப்பை நிறையும் அளவுக்குப் போய்விட்டது. முகம் வெளிறி, வியர்த்து, தலை சுற்றுகிறது. மூச்சு விடக் கஷ்டம். குனிந்து இருக்கும்போதே தொண்டைக்குள் ஓயாமல் இறங்குகிறது. இவற்றில் எது இருந்தாலும் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். 2018இலிருந்து எங்கள் மாகாணத்திலும் ஓடும் இலவச அம்புலன்ஸ் அது. மயங்கினால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்க வேண்டாம்.

அடி பட்டு வரும் இரத்தம் வேறு கதை. மோட்டார் சைக்கிளில் விழுந்தாலோ கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டாலோ, மூக்கு கோணியிருந்தால், கண்ணைச் சுற்றிக் கறுத்தால், இரத்தத்தோடு தண்ணீர் போலத் தெளிவாக ஏதேனும் வடிந்தால் மூக்கை அடைக்காமல் உடனே கொண்டுபோங்கள். அந்தத் தண்ணீர் மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். இரத்தம் நின்ற பிறகும் இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். நடுச்சுவருக்குள் இரத்தம் தேங்கினால் சுவரே கெட்டு மூக்கு உள்ளே அமுங்கிப்போகும்.

இரத்தத்தை ஐதாக்கும் குளிசை எடுப்பவர்கள், அதாவது இதயத்துக்கு அஸ்பிரின், குளொப்பிடோகிரல், வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள், முதல் 10 நிமிடத்தில் நிற்காவிட்டாலே புறப்பட்டுவிட வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு அளவு கூடிவிட்டதா என்று இரத்தம் சோதித்துப் பார்ப்பார்கள். ஆனால் பயத்தில் நீங்களாகவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளிசையைத் திடீரென்று விட்டால் மூக்கு இரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து வரும். பிரஷர் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: இரத்தம் வரும் பயத்திலேயே பிரஷர் ஏறும், அதைப் பார்த்து இன்னொரு குளிசையை வாயில் போடாதீர்கள். வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

எங்கே போவது? பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் எல்லோரும் ஓட வேண்டுமென்றில்லை. வடமராட்சியில் இருந்தால் மந்திகை, வலிகாமம் வடக்கில் தெல்லிப்பளை, தென்மராட்சியில் சாவகச்சேரி, தீவகத்தில் ஊர்காவற்றுறை, இந்த ஆதார வைத்தியசாலைகளில் முதலில் இரத்தத்தை நிறுத்த முயல்வார்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து அனுப்புவார்கள். நெடுந்தீவில் இருப்பவர்கள் இரண்டாவது 10 நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் அங்குள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போய்விடுவது நல்லது. குறிகட்டுவானுக்குப் படகு எடுக்க வேண்டிய நிலை வந்தால் நேரம் முன்கூட்டியே வேண்டும். போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுபோங்கள். அம்மம்மாவுக்கு குளிசையின் நிறம்தான் ஞாபகம் இருக்கும்.

காய்ச்சலோடு வந்தால்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இது உயிர்ப் பிரச்சினை. மாரி மழையோடு டெங்கு வரும். டெங்குவில் குருதிச்சிறுதட்டுகள் குறைவதால் மூக்கு, பல் முரசு எங்கும் இரத்தம் கசியலாம். காய்ச்சல் இருக்கும்போது, அல்லது காய்ச்சல் விட்ட ஓரிரு நாளில், கொஞ்சம் இரத்தம் வந்து தானாக நின்றாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் ஆறுதல்படும் நாள்தான் டெங்குவில் மிகக் கவனமான நாள். வயிற்று நோ, ஓயாத வாந்தி, சோர்வு, சலம் குறைவது ஏதாவது சேர்ந்திருந்தால் சுணங்காதீர்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில். அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டவே வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் இருக்கிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டோம். வயல் வேலை, வெள்ளத்தில் நடந்தது, காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, அதோடு இரத்தக் கசிவு என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வெள்ளத்தில் நின்றதையும் வயலுக்குப் போனதையும் வைத்தியரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தபின் மூக்கிலோ முரசிலோ இரத்தம் வந்தால் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது என்று அர்த்தம். புடையன் கடியில் இது நடக்கும். அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிடம் எண்ண வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும்

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வருவது வழக்கமில்லை, ஒரு தடவை வந்தாலும் காட்டுங்கள். ஒரே பக்கத்தால் நாற்றத்தோடு சளியும் இரத்தமும் வந்தால் பிள்ளை உள்ளே எதையாவது விட்டிருக்கும்: மணி, அழிறப்பர்த் துண்டு, புளியங்கொட்டை. நீங்கள் கிண்டினால் இன்னும் உள்ளே போகும். விட்டது பொத்தான் பற்றரி என்று சந்தேகம் இருந்தால் மட்டும் அது அவசரம், சில மணி நேரத்திலேயே சுவரைச் சுட்டுவிடும்.

பதின்ம வயதுப் பையனுக்கு ஒரே பக்கத்தால் அடிக்கடி நிறைய வந்து, அந்தப் பக்கம் அடைத்தும் இருந்தால் காது, மூக்கு, தொண்டை (ஈ.என்.ரி) கிளினிக்குக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கும் இதே அடையாளம் என்றால் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல் தீட்டும்போதும் இரத்தம், காரணமில்லாமல் கன்றல் என்றால் இரத்தப் பரிசோதனை வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூக்கால் இரத்தம் வருவது கொஞ்சம் சாதாரணம்தான், ஆனால் கடும் தலையிடியும் சேர்ந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் எதையோ அடைப்பார்கள் என்ற பயத்தில் சிலர் போகாமல் இருக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, நாளத்தைச் சுருக்கும் மருந்தையும் மரக்கச் செய்யும் மருந்தையும் போடுவார்கள். புள்ளி தெரிந்தால் வெள்ளி நைத்திரேற்றுத் தடவிய குச்சியால் தொட்டுச் சுடுவார்கள், ஒரு சுள்ளென்ற எரிவோடு முடியும். அதற்கும் நிற்காவிட்டால்தான் அடைப்பு வைத்து, ஓரிரு நாளில் எடுப்பார்கள்.

திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு

உப்புநீர்த் துளிமருந்து பாமசியில் கிடைக்கும். காலையும் இரவும் விட்டால் உள்ளே காயாது. படுக்குமுன் வாசலினைப் பயறளவு விரல் நுனியில் எடுத்து, துவாரத்தின் ஓரத்தில் பூசி, வெளியிலிருந்து மெதுவாக அழுத்திவிடுங்கள், விரலை உள்ளே விட வேண்டாம். பிள்ளையின் நகத்தைக் கிழமைக்கொருமுறை வெட்டுங்கள். புழுதி பறக்கும் நாளில் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பதும் உதவும், நாங்கள் அதைப் பயிற்சிக்கு முன் செய்கிறோம்.

வீட்டுக் கலண்டரில் ஒரு பென்சிலைக் கட்டிவிடுங்கள். இரத்தம் வந்த நாளில் எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் நின்றது, அப்போது காய்ச்சலோ தடிமனோ இருந்ததா என்று இரண்டு சொல்லில் குறியுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் கிழித்துக் கொண்டுபோங்கள்.